சீர்திருத்தம் பற்றித் தொழில்துறை சொல்வதில் எதைக் கேட்பது, எதைச் சோதிப்பது?

கேள்வி இதுதான்: "வரி, தொழிலாளர் சட்டம், சமூகப் பாதுகாப்பு என்று அரசு எதைத் திருத்த முனைந்தாலும் தொழில் கூட்டமைப்புகள் சிலவற்றை வரவேற்கின்றன, சிலவற்றைக் கடுமையாக எதிர்க்கின்றன. அவர்கள் பேச்சை எவ்வளவு தூரம் எடுத்துக்கொள்ளலாம்? எல்லாமே லாபக் கணக்குதானா?"

லாபக் கணக்கு இருக்கத்தான் செய்யும். மாதக் கடைசியில் சம்பளம் போட வேண்டியவர், வங்கிக்குத் தவணை கட்ட வேண்டியவர், கணக்குப் பார்க்காமல் இருந்தால்தான் தவறு. ஆனால் "அவர்கள் லாபத்துக்காகப் பேசுகிறார்கள்" என்று சொல்லி முடித்துவிட்டால் அவர்கள் பேச்சில் இருக்கும் சரக்கும் சேர்ந்து போய்விடுகிறது. இத்தகைய கோரிக்கை மனுக்களை எழுதுகிறவர்களோடும், அவற்றைப் படித்து முடிவெடுக்கிறவர்களோடும் பழகியதில் எனக்கு உறுதிப்பட்ட ஒரு கருத்து உண்டு. ஒரு சீர்திருத்தத்தை எப்படி நடைமுறைக்குக் கொண்டுவருவது, எவ்வளவு அவகாசம் தருவது, எதை முதலில் செய்வது என்பதில் தொழில் நடத்துகிறவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அதே சீர்திருத்தம் வந்தால் தொழில் பிழைக்குமா, அழியுமா என்ற கணிப்பில் அவர்கள் பல தலைமுறைகளாகத் தவறிவந்திருக்கிறார்கள். "எப்படி", "எப்போது" என்று அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். "கூடவே கூடாது" என்று சொன்னால் சோதித்துப் பாருங்கள்.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சான்று பிரிட்டனின் பஞ்சாலைகள். 1830-களில் அங்கே குழந்தைகள் உட்பட ஆயிரக்கணக்கானோர் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம்வரை இயந்திரங்களுக்கு நடுவே நின்றார்கள். வேலைநேரத்தைப் பத்து மணியாகக் குறைக்க வேண்டும் என்ற கிளர்ச்சி எழுந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் பொருளியல் பேராசிரியராக இருந்த நாசோ சீனியர் 1837-இல் ஆலை முதலாளிகள் தந்த தகவல்களை வைத்து ஒரு கணக்குப் போட்டார். பதினொன்றரை மணி நேர வேலைநாளில் நிகர லாபம் முழுவதும் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் பிறக்கிறது, அந்த ஒரு மணியை வெட்டினால் லாபமே இல்லாமல் போகும் என்பது அவர் முடிவு. பார்க்க அசைக்க முடியாத கணக்கு போலத்தான் இருந்தது.

1847-இல் பத்து மணி நேரச் சட்டம் நிறைவேறியது. பெண்களுக்கும் பதினெட்டு வயதுக்குக் குறைந்த இளம் தொழிலாளர்களுக்கும் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்றது. சில முதலாளிகள் ஆட்களை மாற்றி மாற்றி நிறுத்திச் சட்டத்தைச் சுற்றிப்போகப் பார்த்தார்கள்; 1850-இல் இன்னொரு சட்டம் வந்து, வேலை தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் நிர்ணயித்து அந்த வழியை அடைத்தது. அதற்குப் பிறகு பிரிட்டிஷ் பருத்தித் தொழில் சரிந்ததா? இல்லை, 1850-களில் அது மேலும் பெருகியது.

சீனியரின் பிழை எங்கே என்று பார்ப்பது இன்றைக்கும் பயன்படும். ஒரு மணி நேரம் குறைந்தால் நூற்கப்படும் பஞ்சும் குறையும், ஆக மூலப்பொருள் செலவும் குறையும் என்பதை அவர் கணக்கு சரியாக எடுத்துக்கொள்ளவில்லை. களைத்துப்போன கை கடைசி மணி நேரத்தில் செய்யும் வேலையும், தெளிந்த கை முதல் மணி நேரத்தில் செய்யும் வேலையும் ஒன்றே என்று வைத்துக்கொண்டார். நேரம் குறைந்தால் முதலாளி இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டுவார், வேலைமுறையை மாற்றுவார் என்பதையும் விட்டுவிட்டார். சுருங்கச் சொன்னால், ஒன்றை மாற்றி, மற்ற எல்லாம் அப்படியே நிற்கும் என்று வைத்துக் கணக்கிட்டார். இன்று வெளியாகும் "இந்தச் சட்டம் வந்தால் இத்தனை பேருக்கு வேலை போகும்" என்ற மதிப்பீடுகளில் பெரும்பாலானவை இதே முறையில்தான் போடப்படுகின்றன. போடுகிறவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவரவில்லை. தன் நிறுவனம் நாளை எப்படித் தகவமைத்துக்கொள்ளும் என்பது அதை நடத்துகிறவருக்கே இன்று தெரியாது. நெருக்கடி வந்த பிறகுதான் அந்த வழி கண்ணில் படும். செலவு இன்றைக்கே தெரியும். தகவமைப்பு பிறகுதான் தெரியும். அதனால் எல்லாக் கணிப்பும் ஒரே பக்கம் சாய்கிறது.

இதே கதையில் இன்னொரு மனிதர் இருக்கிறார்; அவரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 1847 மசோதாவை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றிய ஜான் ஃபீல்டன், டாட்மார்டன் ஊரில் பெரிய பஞ்சாலை நடத்திய முதலாளி. சிறுவயதில் தன் தந்தையின் ஆலையில் தானே வேலை செய்தவர். அவருக்கு முன்பே, 1802-இல், ஆலைச் சிறுவர்களைக் காக்கும் முதல் சட்டத்தைக் கொண்டுவந்த மூத்த ராபர்ட் பீலும் ஆலை முதலாளிதான். ஆக "தொழில்துறை எதிர்த்தது" என்று ஒரே வரியில் எழுதினால் அது உண்மையாகாது. ஒரே ஊரில், ஒரே தொழிலில், சிலர் எதிர்த்தார்கள், சிலர் முன்னின்று நடத்தினார்கள்.

அப்படியானால் நல்ல மனம் படைத்த முதலாளி தன் ஆலையில் மட்டும் நேரத்தைக் குறைத்துவிட்டுப் போகலாமே, சட்டம் எதற்கு? தொழில்துறையின் பார்வையைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வி முக்கியம். பக்கத்து ஆலைக்காரர் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டிக் குறைந்த விலைக்கு விற்கும்போது, தனியாக நின்று பத்து மணியோடு நிறுத்துகிறவர் சந்தையை இழப்பார். எல்லோருக்கும் ஒரே விதி என்றால் அந்த அச்சம் போய்விடும். சீர்திருத்தத்தை விரும்பும் நிறுவனங்கள்கூடச் சட்டம் வரும்வரை காத்திருப்பதற்குக் காரணம் இதுதான். அவர்களைக் கோழைகள் என்று ஒதுக்குவது சுலபம். ஆனால் பொது விதியைக் கொண்டுவரும் அதிகாரம் அவர்கள் கையில் இல்லை, அரசின் கையில்தான் இருக்கிறது.

பொது விதி வந்தால் நிலைப்பாடு எவ்வளவு வேகமாகத் திரும்பும் என்பதற்கு ஓசோன் படலம் பற்றிய வரலாறு ஓர் உதாரணம். குளிர்சாதனங்களிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன் வாயுக்கள் ஓசோனை அரிக்கக்கூடும் என்று வேதியியல் அறிஞர்கள் மோலினாவும் ரோலண்டும் 1974-இல் எழுதினார்கள். அந்த வாயுக்களை உலகிலேயே அதிகம் தயாரித்த ட்யூபாண்ட் நிறுவனம் பல ஆண்டுகள் கட்டுப்பாட்டை எதிர்த்தது. அறிவியல் இன்னும் தெளிவாகவில்லை என்றது. 1978-இல் அமெரிக்கா தெளிப்பான்களில் அவற்றைத் தடைசெய்ததும் அமெரிக்க நிறுவனங்களுக்குப் புதிய கவலை வந்தது. தங்களுக்கு மட்டும் மேலும் கட்டுப்பாடு வந்து, ஐரோப்பியப் போட்டியாளர்கள் சும்மா இருந்தால் என்ன செய்வது? மாற்று வாயுக்களை உருவாக்கும் திறனும் அவர்களிடம் இருந்தது. ஆனால் விலை கூடிய மாற்றுக்குச் சந்தை வேண்டுமானால் பழையதற்குத் தடை வேண்டும். 1986-இல் ட்யூபாண்டும் அது சார்ந்திருந்த கூட்டணியும் சர்வதேசக் கட்டுப்பாட்டை ஆதரிக்கிறோம் என்று அறிவித்தன. 1987 செப்டம்பரில் மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த ஆண்டு மார்ச்சில் அந்த வாயுக்களின் தயாரிப்பை முழுவதும் கைவிடப்போவதாக ட்யூபாண்ட் சொன்னது. எதிர்ப்பு உறைந்துபோன கொள்கையாக இருந்ததில்லை. விதி எல்லோருக்கும் பொதுவா, மாற்று கைவசம் இருக்கிறதா என்ற இரண்டைப் பொறுத்துத்தான் அது இருந்தது. இந்த இரண்டையும் முதலிலேயே விசாரித்துவிட்டால் எந்தக் கூட்டமைப்பின் எதிர்ப்பு எவ்வளவு நாள் நீடிக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

இனி, தொழில்துறையே முன்வந்து சமூகச் சீர்திருத்தம் கேட்ட சந்தர்ப்பங்கள். இவை குறைவு, ஆனால் இவற்றில்தான் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883-இல் மருத்துவக் காப்பீடு, 1884-இல் விபத்துக் காப்பீடு, 1889-இல் முதியோர் ஓய்வூதியம் கொண்டுவந்தார். சோஷலிஸ்டுகளின் வளர்ச்சியைத் தடுக்கத்தான் இதைச் செய்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் விபத்துக் காப்பீட்டுக்கான தொடக்க யோசனைகளில் ஒன்றை எழுதித் தந்தவர் போக்கும் நகர எஃகு ஆலையின் தலைவர் லூயி பாரே. 1871-இல் வந்த இழப்பீட்டுச் சட்டப்படி, ஆலையில் விபத்து நடந்தால் முதலாளி தரப்பில் தவறு என்று தொழிலாளி நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். நிரூபித்தால் பெரிய தொகை, நிரூபிக்க முடியாவிட்டால் ஒன்றுமில்லை. காயம்பட்டவரில் பெரும்பாலோர் வெறுங்கையோடு திரும்பினார்கள். முதலாளிக்கோ வழக்கு, மனக்கசப்பு, எப்போது எவ்வளவு கட்ட வேண்டிவருமோ என்ற நிச்சயமின்மை. யார் தவறு என்ற கேள்வியையே விட்டுவிட்டு, எல்லா நிறுவனங்களும் சந்தா கட்டி, காயம்பட்ட எல்லோருக்கும் நிர்ணயித்த தொகை தருவது இருவருக்கும் மேல் என்று எஃகுத் தொழில் கண்டுகொண்டது. 1884 சட்டப்படி அந்தச் சந்தா முழுவதையும் முதலாளிகளே கட்டினார்கள். தொழில்வாரியாகச் சங்கம் அமைத்து நிர்வகிப்பதும் அவர்கள் பொறுப்பே. விபத்து குறைந்தால் சந்தா குறையும் என்பதால் பாதுகாப்பில் அவர்களுக்கே அக்கறை வந்தது.

அமெரிக்காவில் இதே கணக்கு ஒரு தலைமுறை கழித்து வந்தது. வழக்குகளில் முதலாளிகளுக்கு இருந்த பழைய தற்காப்புகளை மாநிலச் சட்டங்கள் ஒவ்வொன்றாகக் களைந்தன. தீர்ப்புத் தொகைகள் கணிக்க முடியாதபடி ஏறின. தேசிய உற்பத்தியாளர் சங்கம், தொழிற்சங்கங்களோடு ஓயாமல் மோதிவந்த அமைப்பு, 1910-ஐ ஒட்டித் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டங்களை ஆதரிக்கத் தொடங்கியது. 1911-இல் விஸ்கான்சின் உள்ளிட்ட மாநிலங்களில் தொடங்கி 1920-க்குள் பெரும்பாலான மாநிலங்கள் அப்படிப்பட்ட சட்டத்தை இயற்றிவிட்டன. தொழில்துறைக்குச் செலவைவிட நிச்சயமின்மைதான் பெரிய பகை என்பது இந்த இரண்டு நாட்டுக் கதைகளிலும் தெரிகிறது. சற்று அதிகமாகக் கட்டினாலும் எவ்வளவு கட்டுவோம் என்று முன்கூட்டித் தெரிந்தால் அதை விலையில் சேர்த்துக்கொள்ளலாம், திட்டமிடலாம். ஆண்டுக்கொரு முறை மாறும் சலுகையைவிடப் பத்தாண்டு மாறாத வரி மேல் என்று அனுபவமுள்ள நிதி மேலாளர்கள் சொல்வது இதனால்தான். இதைச் சீர்திருத்தம் எழுதுகிறவர்கள் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டும்.

"தொழில்துறையின் கருத்து" என்ற ஒற்றைச் சொல் எப்படி ஏமாற்றும் என்பதற்கு வரியில் ஒரு நல்ல சான்று உண்டு. அமெரிக்காவின் 1986 வரிச் சீர்திருத்தம் நிறுவன வரியின் உச்ச விகிதத்தை 46 விழுக்காட்டிலிருந்து 34 விழுக்காடாக இறக்கியது. மறுபக்கம், இயந்திரம் வாங்கினால் கிடைத்துவந்த முதலீட்டுச் சலுகையை ரத்து செய்தது, பல ஓட்டைகளை அடைத்தது. சில்லறை வணிகம், நுகர்பொருள், மின்னணுத் தொழில்கள் கைதட்டின. சலுகையால் பயன்பெறாமல் முழு வரியையும் கட்டிவந்தவர்கள் அவர்கள்தான். எஃகு போன்ற கனரகத் தொழில்களும் கட்டட வணிகமும் கொதித்தன. சலுகையால் வாழ்ந்தவர்கள் அவர்கள். ஒரே சட்டம், நேர் எதிரான இரண்டு மனுக்கள், இரண்டுமே "தேசத்தின் வளர்ச்சி" என்று பேசின. ஆகவே எந்த மனுவையும் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது, இதில் கையெழுத்திட்டவர்கள் எந்தத் தொழில், என்ன அளவு, உள்நாட்டுச் சந்தையா ஏற்றுமதியா, கூலி அவர்கள் செலவில் எவ்வளவு பங்கு என்பதைத்தான். கூட்டமைப்பு பெரிதாக ஆக, உறுப்பினர்களுக்குள் முரண்பாடு கூடும். எல்லோரும் ஒத்துக்கொள்ளக்கூடிய மழுங்கலான வரிகள் மட்டுமே மனுவில் மிஞ்சும். அல்லது அதிகச் சந்தா கட்டுகிறவரின் குரல் எல்லோருடைய குரலாகிவிடும்.

குறைந்தபட்சக் கூலி பற்றியும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் 1990-களில் முதலாளிகளின் கூட்டமைப்பு அதை எதிர்த்தது. வேலைகள் பெருமளவில் போகும் என்ற எச்சரிக்கை அரசியலில் உரக்கக் கேட்டது. 1997-இல் ஆட்சிக்கு வந்த அரசு குறைந்த கூலி ஆணையம் ஒன்றை அமைத்தது. ஒன்பது பேர்: முதலாளிகள் பக்க அனுபவமுள்ளவர் மூவர், தொழிற்சங்கப் பக்கம் மூவர், சார்பற்ற அறிஞர் மூவர். எதிர்த்தவர்களையே மேசைக்கு முன்னால் உட்காரவைத்து, "எவ்வளவு என்றால் தாங்கும், எந்த வயதினருக்கு எவ்வளவு, எந்த மாதத்திலிருந்து" என்று கேட்டார்கள். கேள்வி மாறியதும் பதிலின் தரமும் மாறியது. ஆணையம் ஒருமனதாகப் பரிந்துரைத்தது. 1999 ஏப்ரலில் மிதமான அளவில் சட்டம் நடைமுறைக்கு வந்தது, இளைஞர்களுக்குத் தனி விகிதத்தோடு. ஆணையம் ஒவ்வொரு கட்டத்திலும் தரவைப் பார்த்துப் பார்த்து அளவை உயர்த்தியது. பயந்த வேலையிழப்பு வரவில்லை. முன்பு எதிர்த்த கட்சியும் அதை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்பே, 1992-இல் நியூஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தியபோது பக்கத்துப் பென்சில்வேனியாவோடு துரித உணவகங்களை ஒப்பிட்டு, வேலை குறையவில்லை என்று பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் காட்டியிருந்தார்கள். கார்டுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. எந்த அளவு உயர்த்தினாலும் பாதிப்பில்லை என்று இதை வைத்து யாரும் வாதிடக் கூடாது. எந்த அளவு என்பதில்தான் விஷயம் இருக்கிறது, அந்த அளவைக் கண்டுபிடிக்கத்தான் முதலாளிகளின் அறிவு வேண்டும்.

ஸ்வீடனில் 1938-இல் முதலாளிகள் கூட்டமைப்பும் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் சால்ட்ஷேபாடனில் செய்துகொண்ட உடன்பாடும், நெதர்லாந்தில் 1982-இல் வாசனாரில் ஏற்பட்ட உடன்பாடும் இதே வழியில் வந்தவை. முன்னதற்குப் பின்னால் ஓயாத வேலைநிறுத்தங்களும், 1931-இல் ஓடலனில் ஊர்வலத்தின்மீது ராணுவம் சுட்டு ஐந்து பேர் இறந்த துயரமும் இருந்தன. பின்னதற்குப் பின்னால் கடுமையான வேலையின்மை இருந்தது. நெதர்லாந்தில் சங்கங்கள் கூலி உயர்வை விட்டுக்கொடுத்தன, முதலாளிகள் வேலைநேரத்தைக் குறைக்கச் சம்மதித்தார்கள். இரண்டு இடத்திலும் அரசு சட்டம் போட்டுவிடுமோ என்ற அச்சம் இரு தரப்பையும் மேசைக்குத் தள்ளியது. வெறும் நல்லெண்ணத்தால் மட்டும் வந்த உடன்பாடு என்று நான் அறிந்தது எதுவும் இல்லை.

இதுவரை சொன்னதை வைத்து, தொழில்துறை எதிர்த்தால் அலட்சியப்படுத்தலாம் என்று யாராவது முடிவுக்கு வந்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். சீர்திருத்தம் எழுதுகிறவர்கள் செய்யும் தவறுகள் அனைத்தும் முதலில் தெரிவது கணக்காளரின் மேசையில்தான். அங்கிருந்து வரும் குரலைக் கேட்காததால் நல்ல சட்டங்கள் கெட்டுப்போயிருக்கின்றன.

பிரான்சில் ஒரு நிறுவனத்தில் தொழிலாளர் எண்ணிக்கை 50-ஐத் தொட்டால் பல கடமைகள் ஒரே நாளில் வந்து சேர்ந்தன: தொழிலாளர் குழு, லாபப் பங்கீடு, அறிக்கைகள் என்று. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயமானதுதான். ஆனால் எல்லாம் ஒரே எண்ணில் வந்து குவிந்ததால் 49 பேரோடு நின்றுவிட்ட நிறுவனங்கள் அசாதாரணமாக அதிகம். புள்ளிவிவர வரைபடத்தில் 49-இல் ஒரு மேடும் 50-இல் ஒரு பள்ளமும் கண்ணுக்கே தெரியும். வளர்ந்திருக்க வேண்டிய நிறுவனம் வளரவில்லை, கிடைத்திருக்க வேண்டிய வேலை கிடைக்கவில்லை. தொழிலாளர்களைக் காக்க எழுதிய சட்டம் சிலரை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டது. 2019-இல் பிரான்ஸ் இதைத் திருத்தியது. ஐந்து ஆண்டுகள் தொடர்ச்சியாக வரம்பைத் தாண்டியிருந்தால்தான் அவற்றில் பல கடமைகள் பொருந்தும் என்றது. சட்டத்தின் நோக்கத்தில் ஒரு சொல்லைக்கூட மாற்றாமல், வாசலின் அமைப்பை மட்டும் மாற்றிய திருத்தம் அது. இப்படிப்பட்ட யோசனை தொழில் நடத்துகிறவர்களிடமிருந்துதான் வர முடியும்.

சிறு நிறுவனங்களின் நிலை இதில் தனியாகப் பார்க்க வேண்டியது. ஒரு புதிய படிவத்தை நிரப்ப ஆகும் நேரம் ஆயிரம் பேர் உள்ள நிறுவனத்துக்கும் ஐந்து பேர் உள்ள நிறுவனத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பெரிய நிறுவனத்தில் அதற்கென்று ஒரு துறை இருக்கும். சிறிய இடத்தில் உரிமையாளரே இரவில் உட்கார்ந்து நிரப்புவார். ஆகவே சிக்கலான விதிகளைப் பெரிய நிறுவனங்கள் சில சமயம் மௌனமாக வரவேற்கும்; போட்டிக்கு வரக்கூடியவர்களை அவை வாசலிலேயே தடுத்துவிடுகின்றன. பெரியவர்கள் ஒரு விதியை ஆதரிக்கிறார்கள் என்பதாலேயே அது தொழிலுக்கு உகந்தது என்று நினைத்துவிடக் கூடாது. கலந்தாய்வுக் கூட்டத்துக்கு வர முடிந்தவர்கள் யார், கடையைப் பூட்டிவிட்டு வர முடியாமல் போனவர்கள் யார் என்று அதிகாரிகள் கேட்டுப்பார்ப்பதே இல்லை. எனக்கு மிகவும் ஆதங்கம் தரும் விஷயம் இது.

தொழில்துறையின் பார்வையை எண்ணாக்கி அளக்கும் முயற்சியும் நடந்தது. 2003 முதல் உலக வங்கி, தொழில் தொடங்கவும் நடத்தவும் எந்த நாட்டில் எளிது என்று ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட்டது; பிறகு அதில் நாடுகளின் தரவரிசையும் வந்தது. அரசுகள் அந்தப் பட்டியலில் மேலே ஏறுவதையே சீர்திருத்தமாகக் கருதத் தொடங்கின. 2018, 2020 அறிக்கைகளின் தரவில் முறைகேடுகள் தெரியவந்து, 2021 செப்டம்பரில் வங்கியே அதை நிறுத்திவிட்டது. முறைகேட்டைவிட அடிப்படைச் சிக்கல் ஒன்று முன்பே இருந்தது. கற்பனையான ஒரு மாதிரி நிறுவனத்துக்குச் சட்டப்படி எத்தனை நாள் ஆகும் என்று வழக்கறிஞர்களையும் நிபுணர்களையும் கேட்டுத்தான் அந்தப் பட்டியல் தயாரானது. அதே வங்கி தனியாக நடத்தும் இன்னொரு கணக்கெடுப்பில் உண்மையான நிறுவனங்களிடமே கேட்கிறார்கள். இரண்டின் விடைகளும் வெகுவாக வேறுபட்டன. ஏட்டில் ஒரே விதி இருக்கும் நாட்டிலேயே ஒருவருக்கு ஒரு வாரத்தில் அனுமதி கிடைக்கிறது, இன்னொருவருக்கு மாதக்கணக்கில் ஆகிறது. வளரும் நாடுகளின் நிறுவனங்கள் தங்களைத் தடுப்பவை என்று பொதுவாகச் சொல்பவை கடன் கிடைக்காமை, மின்தடை, வரி, பதிவு செய்யாத போட்டியாளர்கள், அரசியல் நிலையின்மை போன்றவை. மேடைகளில் அதிகம் அடிபடும் தொழிலாளர் சட்டம் பெரும்பாலான நாடுகளில் அந்தப் பட்டியலில் கீழேதான் வருகிறது. மேடையில் பேசுகிறவரும் படிவத்தில் பதில் எழுதுகிறவரும் ஒருவரே அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

சமூகச் சீர்திருத்தம் ஒரு நாட்டின் அடித்தளத்தையே தொடும்போது தொழில்துறை என்ன செய்யும்? தென்னாப்பிரிக்காவை எண்ணிப்பார்க்கிறேன். நிறவெறிச் சட்டங்களால் சுரங்க நிறுவனங்கள் பல பத்தாண்டுகள் மலிவான கூலியாட்களைப் பெற்று லாபம் கண்டன. உற்பத்தித் தொழில்களுக்கோ, கறுப்பினத்தவர் திறன்வேலை செய்யக் கூடாது என்ற தடை பெரும் இடையூறு. வேலை தெரிந்த ஆளும் கிடைக்கவில்லை, பொருளை வாங்க வசதியான மக்களும் பெருகவில்லை. 1979-இல் கறுப்பினத் தொழிற்சங்கங்களுக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்ததில் அந்த நெருக்கடிக்கும் பங்கு உண்டு. 1985-இல் வெளிநாட்டு வங்கிகள் கடனைப் புதுப்பிக்க மறுத்தன, நாணய மதிப்பு சரிந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் ஆங்லோ அமெரிக்கன் நிறுவனத்தின் தலைவர் கேவின் ரெல்லி சில தொழிலதிபர்களோடும் பத்திரிகை ஆசிரியர்களோடும் ஜாம்பியாவுக்குப் போய், தடைசெய்யப்பட்டிருந்த ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸின் தலைவர் ஆலிவர் டாம்போவைச் சந்தித்துப் பேசினார். தென்னாப்பிரிக்க அதிபர் அதைக் கண்டித்தார். துணிச்சலான செயல், சந்தேகமில்லை; பிற்காலப் பேச்சுவார்த்தைகளுக்கு வழியைத் திறந்ததில் அதற்கும் இடமுண்டு. ஆனால் அநீதி தொடங்கி எத்தனை பத்தாண்டுகள் கழித்து! அறம் தெரிந்தும், கணக்கு இடிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பயணம் நடந்தது. சமூக நீதிக்கான சீர்திருத்தத்தைத் தொழில்துறை கேட்கும்வரை காத்திருக்கும் அரசு மிக நீண்ட காலம் காத்திருக்கும். அந்தக் காத்திருப்பின் விலையைக் கொடுப்பவர்கள் வேறு ஆட்கள்.

பொதுவான பிரகடனங்களுக்கு நான் அதிக எடை தருவதில்லை. தொழிலின் சமூகப் பொறுப்பு லாபத்தைப் பெருக்குவதுதான் என்று பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் 1970-இல் எழுதினார். 2019 ஆகஸ்டில் அமெரிக்காவின் பிசினஸ் ரவுண்டுடேபிள் அமைப்பைச் சேர்ந்த 181 தலைமை அதிகாரிகள், தொழிலாளர், வாடிக்கையாளர், சமூகம் என எல்லோருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம் என்று கையெழுத்திட்டார்கள். இரண்டையும் வைத்து ஒரு நிறுவனம் நாளைய மசோதாவில் எந்தப் பக்கம் நிற்கும் என்று சொல்ல முடியாது. அதே நிறுவனம் ஊதிய விடுப்பு பற்றி, வரி பற்றி, குழந்தைகள் காப்பகம் பற்றி எந்தப் பிரிவுக்கு என்ன திருத்தம் கேட்டது என்று பார்த்தால் சொல்லிவிடலாம்.

அடுத்த முறை ஒரு மனு உங்கள் கண்ணில் படும்போது, அது "வேண்டாம்" என்று மட்டும் சொல்கிறதா, "இப்படியென்றால் முடியும்" என்று மாற்று வழியும் தருகிறதா என்று பாருங்கள். மாற்று வழி தரும் மனுவில் பெரும்பாலும் உழைப்பும் நேர்மையும் இருக்கும். அவகாசம் கேட்டால் எதற்காக, எத்தனை மாதம் என்று சொல்லியிருக்கிறார்களா? தேதி குறிப்பிடாத அவகாசம் மறுப்பின் இன்னொரு வடிவம். வேலையிழப்பு எண் ஒன்று தந்திருந்தால், நிறுவனங்கள் தகவமைத்துக்கொள்வதை அந்தக் கணக்கு எங்கே சேர்த்திருக்கிறது என்று தேடுங்கள். அதே கூட்டமைப்பு முந்தைய சீர்திருத்தத்தின்போது என்ன கணித்தது, பிறகு என்ன நடந்தது என்பதையும் தேடிப் படியுங்கள். பழைய செய்தித்தாள்களில் கிடைக்கும்.

கூட்டமைப்புகளில் இருக்கும் நண்பர்களுக்கும் ஒன்று சொல்வேன். உங்கள் மனுவில் கணிப்பு ஒன்றைத் தரும்போது, சட்டம் வந்து இரண்டு ஆண்டு கழித்து அதை நடந்ததோடு ஒப்பிட்டு நீங்களே வெளியிடுவோம் என்று ஒரு வரி சேருங்கள். அப்படி ஒப்பிட ஒத்துக்கொள்கிற கூட்டமைப்பின் எச்சரிக்கையை எந்த அமைச்சகமும் எளிதில் தள்ளிவைக்க முடியாது. அரசும் தன் பங்குக்கு, மசோதாவிலேயே மறுஆய்வுத் தேதியை எழுதி, எந்த எண் எந்த அளவைத் தாண்டினால் எந்தப் பிரிவு திருத்தப்படும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.